தானாக ஏறும் எண்ணெய்

சென்ற வாரம் கண்மணியைக் காருக்கு முன்னால் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்கு வந்துவிட்டேன். பாவம், ஏழு நாளாகக் கையில் துணியோடு அப்படியே நிற்கிறாள். வாருங்கள், போய்ப் பார்த்துவிடுவோம். புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

கிந்தா ரோட்டில் இருக்கிறது வேலாயுதம் மோட்டார் பட்டறை. பெயருக்கு உரிய வேலாயுதம் இப்போது இல்லை. பத்து மாதத்துக்கு முன்னால், 1963-ஆம் வருஷத் தொடக்கத்தில், பழுது பார்த்த ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கப் புக்கித் தீமா ரோட்டுப் பக்கம் போனார். ஒன்பதாம் மைலில், ஓடிக்கொண்டிருந்த என்ஜின் திடீரென்று இறுகிவிட்டது. பின் சக்கரம் பூட்டிக்கொண்டு, வண்டி ரப்பர் மரத்தில் போய் மோதியது. அங்கேயே போய்விட்டார். நல்ல என்ஜின் எதற்காக இறுகியது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது பட்டறையை ஓட்டுகிறவன் அவர் தம்பி தனசேகரன். இருபத்தாறு வயது, லாட்ஜில் வாசம். எண்ணெயும் உதிரிச் சாமானும் விற்கிற கவுண்டரில், அவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்த கண்மணி. தஞ்சோங் பகாரில் புருஷன் வீடு. விடிந்ததும் பஸ் ஏறி வந்துவிடுவாள். பட்டறை மாடியில் வேலாயுதத்தின் மனைவி லீலா தனியாக இருக்கிறாள். புருஷன் போன பிறகு அவள் பட்டறைக்குள் காலெடுத்து வைத்து யாரும் பார்த்ததில்லை.

பத்து நாளாக இவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது ஒரு கார். அராப் ஸ்திரீட் ஜவுளிக்கடை ரவூப் பாய் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வரவழைத்த கருநீலக் கார். அதில் டர்போ என்று ஒன்று இருக்கிறது. பார்த்தால் பெரிய நத்தை ஓடு. என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலேயே சுற்றி, உள்ளே காற்றை ஊதித் தள்ளும். பழுக்கக் காய்ந்து சிவந்து போகும். அதற்கு எண்ணெய் போவதோ பென்சில் பருமனில் ஒரு குழாய் வழியாக.

அந்த வண்டி எண்ணெய் குடித்தது. சாயங்காலம் பார்த்தால், எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் அரை விரல் குறைந்திருக்கும். காலையில் வந்து பார்த்தால் முழு அளவுக்கு ஏறி நிற்கும். ஊற்றியவர் யாரும் இல்லை.

இனி வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

*

கண்மணி டிப்ஸ்டிக்கைத் துடைத்து, விட்டு, மறுபடி உருவினாள். எண்ணெய் மேல்கோட்டைத் தொட்டு நின்றது.

"ஏறியிருக்குடா" என்றாள்.

"ஏறும்னு தெரியும்கா" என்றான் தனசேகரன். கோப்பியை ஆற்றிக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"நீ ஊத்தலையே?"

"கோயில்ல வந்து சூடம் அணைக்கட்டுமா? நேத்து நீதானே முன்கதவைப் பூட்டி சாவியை எடுத்துட்டுப் போன. நான் லாட்ஜுல கிடந்தேன். மோந்து பாரு."

அவள் முகர்ந்தாள். கரி எண்ணெய் நாற்றத்துக்கு அடியில், இனிப்பாக, கொஞ்சம் குமட்டலாக இன்னொரு வாசனை. விளக்கெண்ணெய் காய்ந்து கருகினால் வருமே, அது.

கண்மணி மறுபடி முகர்ந்தாள். வேலாயுதம் தாம்சன் ரோட்டுக் கார் பந்தயத்துக்கு வண்டிகள் தயார் செய்தவர். பந்தய வண்டிகளுக்கு ஊற்றுவது ஆமணக்கிலிருந்து எடுக்கிற எண்ணெய். அந்த வாசனை அவர் சட்டையில், தலைமுடியில், தெருப் பிள்ளைகளுக்கு வாங்கி வரும் பிஸ்கட் பொட்டலத்தில்கூட இருக்கும். "உன் புருஷன் வர்றதுக்கு முன்னாடி வயித்தைக் கலக்குற வாசனை வந்துடுது" என்று லீலாவைக் கேலி செய்யாதவர் அந்தத் தெருவில் இல்லை.

"அண்ணன்தாங்கா" என்றான் தனசேகரன், குரலைத் தாழ்த்தி.

"வாயைக் கழுவு."

"எந்த வண்டியா இருந்தாலும் காலையில முதல் வேலையா எண்ணெயைச் சரி பண்ணிட்டுத்தானே அண்ணன் பல்லே விளக்கும்? இப்பவும் அதைத்தான் செய்யுது. என்மேல கோபம் இல்லேன்னு காட்டுது."

"உன்மேல அண்ணனுக்கு என்னடா கோபம்?"

அவன் குவளையை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஒரு நிமிஷம் முறுக்கி ஓடவிட்டு, பிறகு சாவியைத் திருப்பினான்.

என்ஜின் நின்றது. டர்போ நிற்கவில்லை. அந்த நத்தை ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று கிளம்பி, இறங்கி, இறங்கித் தேய்ந்தது. மாடிப்படி ஏறுகிற ஒருவர் களைப்பாக விசில் அடித்துக்கொண்டு போவதைப் போல.

கண்மணி மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அறுந்துவிட்டது.

"முதல் நாள் இருபது எண்ணுற வரைக்கும் பாடுச்சுடா. திங்கக்கிழமை பன்னெண்டு. இன்னைக்கு நாலு."

"அதுக்கென்ன இப்ப?"

"உள்ளே சுத்துற கம்பியை என்னமோ பிடிக்குது. எண்ணெய் சரியில்ல. நாம ஊத்தினது முப்பது நம்பர் லாரி எண்ணெய். இப்ப உள்ளே இருக்கிறது அது மட்டும் இல்ல. வடிச்சுட்டுப் புதுசா ஊத்து."

தனசேகரன் அவளைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. "அண்ணன் கையால ஊத்தினதை நான் சாக்கடையில கொட்டணுமா? மாட்டேன்."

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. ரவூப் பாய். வடக்கே மூவாரில் இருக்கும் தாயாருக்கு மூச்சுத் திணறலாம். டன்லப் ஸ்திரீட் பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நேரே பட்டறைக்கு வருகிறார். இருக்கிற பதற்றத்தில் அவரால் ஓட்ட முடியாது. தனசேகரனே ஓட்டினால் நல்லது. எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகம்.

"சரி பாய், வண்டி தயாரா இருக்கு" என்று தனசேகரன் வாக்குக் கொடுத்துவிட்டான்.

மூவாருக்குப் போகிற வழி எதுவென்று உங்களுக்குத் தெரியும். புக்கித் தீமா ரோடு. ஒன்பதாம் மைல். கண்மணி சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டே முக்கால். இருக்கிற ஒரே கூடப்பிறந்தவனை அந்த எண்ணெயோடு அந்த ரோட்டுக்கு அனுப்பாமல் தடுக்க அவளுக்கு ஐந்தரை மணி நேரம் இருந்தது.

*

எண்ணெயை வடிக்கும் அடித்திருகைக் கழற்றுகிற பெரிய ஸ்பானரைத் தனசேகரன் சட்டைக்குள் செருகிக்கொண்டு திரிந்தான். கண்மணி கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

சண்டை போட்டால் ஆகாது, கண்ணால் காட்டவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் தெருவில் ஒரு லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தபோது, டிப்ஸ்டிக் துளைக்குள் மெல்லிய ரப்பர் குழாயை விட்டு, சைக்கிள் பம்பைத் திருப்பி மாட்டி, கொஞ்சம் எண்ணெயை இழுத்தாள். கழுவிக் காயவைத்த ஜாம் போத்தலில் முக்கால் பங்கு வந்தது. கறுப்பாக, ஒன்றும் தெரியாத எண்ணெய்.

முக்கில் ஐஸைச் சீவிப் பாகு ஊற்றி ஐஸ் கச்சாங் விற்கிறவரிடம் ஒரு பேசின் நிறையச் சீவல் ஐஸ் வாங்கி வந்தாள்.

"காலையிலேயே கச்சாங்கா, அக்கா?" என்றார் அவர்.

"எனக்கில்லைங்க. காருக்கு."

போத்தலை ஐஸில் புதைத்துக் கவுண்டரின் மேல் வைத்தாள். பதினொன்றுக்குப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பதினொன்றரைக்கும் இல்லை. வெளியே வெயில் ஒரு மாதிரி மஞ்சளாகிப் போனது. தெக்கா மார்க்கெட் பக்கமிருந்து காற்றே இல்லை. பட்டறையின் பின்சுவரில், ஸ்பானர்கள் மாட்டிய பலகைக்கு மேலே, வேலாயுதத்தின் படம். காலையில் யாரோ வைத்த மல்லிகை வாடாமல் இருந்தது. யார் வைத்தார்கள் என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. தனசேகரன் என்று அவளும், அவள் என்று அவனும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கண்மணி போத்தலைத் தூக்கினாள்.

அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்கு, தேன் நிறத்தில் ஒரு எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. அதன்மேல் கறுப்பு எண்ணெய். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நூல் நூலாக, கண்ணில் கட்டும் பூளை மாதிரி ஏதோ மிதந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெதுவாகத் திரண்டது.

"அதை ஏன் வெளியே எடுத்த, கண்மணி?"

கண்மணிக்குப் போத்தல் கை நழுவப் பார்த்தது. குரல் அவள் முதுகுக்குப் பின்னால், மாடிப்படியின் இருட்டிலிருந்து வந்தது. லீலா கடைசிப் படியில் நின்றாள். வெள்ளைச் சேலை. கையில் ஒரு பித்தளை டம்ளர்.

"அண்ணி! நீங்க எங்க இங்கே?"

"அவருக்கு வச்சதை வெளியே எடுக்கலாமா?" என்றாள் லீலா. போத்தலையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

நடந்தது இதுதான், பிள்ளைகளே. நான் லீலாவைக் குறை சொல்லமாட்டேன், நீங்களும் சொல்லாதீர்கள்.

வண்டி வந்த முதல் நாள் சாயங்காலம் மாடியில் அரிசி களைந்துகொண்டிருந்த லீலா, அந்த விசிலைக் கேட்டாள். வேலாயுதம் படியேறும்போது அடிக்கும் விசில். அரிசியைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. கீழே கார் மட்டும் நின்றது.

மறுநாளிலிருந்து படையல் வைக்க ஆரம்பித்தாள். போனவருக்குப் பிடித்ததை வைப்பதுதானே வழக்கம்? கோப்பி வைத்தாள், ஒரு சுருட்டு வைத்தாள். அப்புறம், கட்டிலுக்கடியில் கிடந்த பந்தய எண்ணெய் டின்னைத் திறந்து ஒரு டம்ளர். அவருக்கு அதைவிடப் பிடித்தது உலகத்தில் எது?

"கோப்பியை நான் குடிச்சுடுவேன். படைச்சதை வீட்டு மனுஷங்கதானே சாப்பிடணும். எண்ணெயை என்ன பண்றது? திருப்பி டின்ல ஊத்தக்கூடாது. சாக்கடையில கொட்டினா அவரைக் கொட்டின மாதிரி. அதைச் சாப்பிடுற வாய் இந்த வீட்டுல ஒண்ணுதானே இருக்கு?" என்று லீலா காரைக் காட்டினாள். "அவரு மூடியைத் திறந்து ஊத்துறதை எத்தனை தடவை பார்த்திருக்கேன். தினம் ஒரு டம்ளர்."

"சொல்லியிருக்கலாமே அண்ணி."

"கடை திறக்குற நேரத்துல நான் எதிரே வந்து நின்னா உங்க யாவாரத்துக்கு ஆகுமா? அதான் உள்படி வழியா விடியிறதுக்குள்ள வந்து, பூ வச்சுட்டுப் போயிடுவேன். இன்னைக்கு வச்ச டம்ளரை இந்தக் கீழ்ப்படியிலேயே மறந்துட்டேன். எடுக்க வந்தேன்."

வண்டிக்கு அடியில் சரக்கென்று சத்தம் கேட்டது. தனசேகரன் சக்கரப் பலகையோடு உருண்டு வெளியே வந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான்.

"அப்ப அண்ணன் வரலையா?" என்றான்.

சின்னப் பிள்ளையில் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகாமல் விட்டுவிட்டால் கேட்பானே, அதே குரல்.

"இல்லடா."

"என்மேல கோபமில்லேன்னு…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். சட்டைக்குள்ளிருந்து ஸ்பானரை எடுத்தான்.

*

அடித்திருகு கழன்றதும் எண்ணெய் நூலாக இறங்கியது; பிறகு திக்கியது, நின்றது, மறுபடி இறங்கியது. கடைசியில் கொழகொழவென்று ஒரு கட்டி தட்டில் விழுந்தது.

"அந்தக் குழாயையும் கழட்டு" என்றாள் கண்மணி.

டர்போவுக்குப் போகிற பென்சில் குழாயைக் கழற்றி, ஒரு முனையில் வாயை வைத்து ஊதினான். காற்றுப் போகவில்லை. கழுத்து நரம்பு புடைக்க ஊதினான். அப்புறம் புழு வெளியே வருவதைப் போல, பழுப்பு நிறத்தில் ஒரு பிசின் வழுக்கிக்கொண்டு வந்து அவன் உள்ளங்கையில் கிடந்தது.

தனசேகரன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்னக்கா இது?"

"ரெண்டு எண்ணெயும் ஒண்ணுக்கொண்ணு சேராது. ஒண்ணு செடியிலேருந்து வர்றது, ஒண்ணு பூமிக்கு அடியிலேருந்து வர்றது. சூட்டுல சேர்ந்த மாதிரி இருக்கும், ஆறினா பிரியும். மறுபடி காய்ஞ்சா இப்படிக் கட்டும்."

"பந்தய எண்ணெய் நல்ல எண்ணெய்தானே? அதைவிட ஒஸ்தி கிடையாதுன்னு அண்ணனே சொல்லும்."

"தனியா இருந்தா ஒஸ்திதான். கழுவித் துடைச்ச என்ஜின்ல அதை மட்டும் ஊத்தணும். பந்தயம் முடிஞ்சதும் வடிச்சுடணும். வேற எண்ணெய் இருக்கிற வண்டியில மேலாக ஊத்தினா விஷம்."

"எவ்வளவு ஊத்தினா இப்படி ஆகும்?"

"ஒரு பைண்ட், சின்னப் போத்தல் அளவு போதும்" என்றாள் கண்மணி. அவள் தட்டைச் சாய்த்துக் கட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

"சாதாரண வண்டிக்கும்? டர்போ இல்லாத வண்டிக்கும்?"

"எந்த வண்டியா இருந்தா என்னடா? எண்ணெய் இழுக்குற சல்லடையில போய் அடைச்சுக்கிட்டா அவ்வளவுதான். சரி, நேரமாகுது. ஸ்பிரிட்டை எடு."

மண்ணெண்ணெய்க்கு இந்தப் பிசின் மசியாது, ஸ்பிரிட்டுக்கு மசியும். கண்மணி குழாயை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, கம்பி விட்டு, ஊதி, மறுபடி ஊறவைத்துச் சுத்தம் செய்தாள். தனசேகரன் என்ஜினின் அடித்தட்டைக் கழற்றிச் சல்லடையைக் கழுவினான். கழுவியதையே மறுபடியும் கழுவினான். அண்ணன் வரவில்லை என்கிற ஏமாற்றம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கவுண்டரில் எண்ணெய் டின்கள் வரிசையாக இருந்தன.

"ஐம்பது நம்பர் ஊத்தட்டுமா? நம்ம வெயிலுக்குக் கெட்டியா இருந்தா நல்லதுன்னு எல்லாரும் சொல்வாங்களே" என்றான், எங்கோ பார்த்துக்கொண்டு.

"எல்லாரும் டர்போவைப் பார்த்திருக்காங்களா? இத்தனூண்டு குழாயில கெட்டி எண்ணெய் ஏறிப் போறதுக்குள்ள அது காய்ஞ்சு செத்துடும். அதே முப்பது நம்பர்தான். டீசல் லாரிக்கு ஊத்துறது, அழுக்கைக் கரைச்சுத் தன்னோட வச்சுக்கிறது. டர்போ சூட்டுல எண்ணெய் கருகிக் கரி பிடிக்கும். கரியைக் கழுவிக்கிட்டே ஓடுற எண்ணெய்தான் அதுக்கு வேணும். பாய் கொண்டுவந்த புத்தகத்துலயும் அதான் போட்டிருக்கு. கலக்காம, அது மட்டும்."

ஊற்றினான். கிளப்பினான். நிறுத்தினான். விசில் எழுந்தது. கண்மணி விரல் விட்டு எண்ணினாள். பதினெட்டு வரைக்கும் போயிற்று.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "இனிமே நீ மூவார் என்ன, பினாங்குக்கே போ" என்றாள்.

தனசேகரன் பின்கட்டில் கை கழுவப் போனான். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் கொட்டிக்கொண்டே இருந்தது.

*

இரண்டேகாலுக்கு ரவூப் பாய் வந்துவிட்டார். தலையில் தொப்பி, நெற்றியில் வியர்வை.

"தங்கச்சி, வண்டி தாங்குமா?"

"தாங்கும் பாய். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. பொறுமையாப் போங்க."

"பொறுமையா எங்கம்மா போறது" என்றவர் தனசேகரனைப் பார்த்தார். "என்ன தம்பி, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு? சாப்பிட்டீங்களா இல்லையா?"

"சாப்பிட்டேன் பாய்."

பொய். அவன் காலையிலிருந்து அந்தக் கோப்பியைத் தவிர ஒன்றும் தொடவில்லை. வண்டியில் ஏறும்முன் லீலா நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தான். கருநீலக் கார் ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் திரும்பியது.

கண்மணி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்காருகிறாள். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

லீலா மாடிக்குப் போகவில்லை. எண்ணெய்த் தட்டின் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஒரு குச்சியால் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கண்மணி, இது சக்கரத்தைப் பூட்டிடுமா?"

"என்ஜின் இறுகினா சக்கரமும் பூட்டிக்கும் அண்ணி. நல்லவேளை, பிழைச்சோம்."

"அவரு வண்டி நின்ன மாதிரி?"

கண்மணி நிமிர்ந்தாள்.

"அவரை எடுத்துட்டு வந்தப்ப, வேட்டியில இந்த மாதிரி பிசின் ஒட்டியிருந்துச்சு" என்றாள் லீலா. "அடியில சிக்கினவரை இழுத்தாங்களே, அப்ப ஒட்டியிருக்கும். நான்தான் துவைச்சேன். எத்தனை சோப்புப் போட்டும் போகலை. ஏதோ ரப்பர்ப் பால்னு நினைச்சேன்."

கண்மணிக்குக் கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அண்ணி, அன்னைக்கு நீங்க…"

"நானா? அவரு உயிரோட இருக்கையில எதுக்குடி படையல்?"

உண்மைதான். லீலா இல்லை. வேலாயுதமும் அந்தத் தப்பைச் செய்கிறவரில்லை. இரண்டையும் கலக்கக்கூடாது என்று கண்மணிக்குச் சொன்னதே அவர்தான்.

"அப்ப அந்த டின்னை வேற யாரும் தொட்டாங்களா?"

லீலா யோசித்தாள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. நேற்று என்ன குழம்பு என்று கேட்டால் யோசிப்பதைப் போலத்தான் யோசித்தாள்.

"தம்பி வந்து கேட்டுச்சு. அன்னைக்குக் காலையில. அவரு குளிச்சுக்கிட்டிருந்தாரு. 'அண்ணன் இன்னைக்கு டெஸ்ட் ஓட்டப் போகுது, நல்ல எண்ணெயா ஊத்தி வைக்கிறேன், சொல்லாதீங்க அண்ணி, வண்டி பறக்கும்போது தானாத் தெரியட்டும்'னு சொல்லிச் சிரிச்சுச்சு. நான்தான் ஒரு போத்தல்ல ஊத்திக் கொடுத்தேன்."

கண்மணி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

எவ்வளவு ஊற்றினால் இப்படி ஆகும் என்று கேட்டானே. ஒரு பைண்ட் போதும் என்று அவள்தானே சொன்னாள். டர்போ இல்லாத வண்டிக்கும் என்று கேட்டானே. தன் கையால் அந்தப் பிசினை அவன் உள்ளங்கையில் எடுத்து வைத்ததைப் போல இருந்தது கண்மணிக்கு. பத்து மாதமாக அவனுக்குள் ஒரு சந்தேகம்தான் இருந்திருக்கும். அண்ணனே வந்து எண்ணெய் ஊற்றுகிறார், அப்படியானால் தப்பு தன்னுடையது இல்லை என்று பத்து நாளாக நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்றைக்கு மத்தியானம் அவள் அதைச் சந்தேகமே இல்லாமல் ஆக்கிவிட்டாள். ஆக்கிவிட்டு, அவனையே சக்கரத்தைப் பிடிக்கச் சொல்லி, அதே ரோட்டுக்கு அனுப்பியும் வைத்துவிட்டாள்.

மழை முன்தாழ்வாரத் தகரத்தில் விழ ஆரம்பித்தது.

தொலைபேசி அடித்தது. கண்மணி எடுப்பதற்குள் அது ஆறு தடவை அடித்துவிட்டது.

"தங்கச்சி, நான் ரவூப் பேசுறேன். ஒன்பதாம் மைல் கோப்பிக் கடையிலேருந்து." மழைச் சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது. "பயப்படாதீங்க. மோதல்லாம் இல்ல. வண்டிக்கு ஒண்ணுமே இல்ல, தண்ணி மாதிரி ஓடுச்சு."

"அவன் எங்கே பாய்?"

"அதான் எனக்குப் புரியலை. ஓரமா நிறுத்தினாரு. ரொம்ப நேரம் ஸ்டீரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அப்புறம், 'இதோ வர்றேண்ணே'ன்னு சொன்னாரு. என்னைத்தான் சொல்றாருன்னு நினைச்சேன். ஆனா தங்கச்சி, என்னை அவரு என்னைக்குமே பாய்னுதானே கூப்பிடுவாரு?"

லீலா எழுந்து கண்மணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்கி ரப்பர் தோட்டத்துக்குள்ள போயிட்டாரு. நானும் இந்த மழையில கத்திக் கத்திக் கூப்பிட்டுட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கலை. கடைக்காரங்க ரெண்டு பேரு தேடப் போயிருக்காங்க. நீங்க யாரையாவது கூட்டிக்கிட்டு உடனே வாங்க லா."

அதுவரை கத்தியவரின் குரல் இறங்கியது.

"செருப்பை வண்டியிலேயே கழட்டி, ஜோடி சேர்த்து வச்சுட்டுப் போயிருக்காரு, தங்கச்சி."